பச்சை மை

நாளைய வெயில் முன்னறிவிப்பைப் பார்த்து நெடுஞ்சாலை வரைபடத்தில் சிவப்பு பூசுவது தற்காலிக ஊழியர் செண்பகவல்லியின் வேலை. சிவப்பு விழுந்த இடத்தில் மத்தியானம் தார் போடக் கூடாது. அன்று பாதிச் சாலை சிவப்பு.

கோட்டப் பொறியாளர் தணிகாசலம் ஏசி அறையிலிருந்து கத்தினார். "நாளைக்கு மேலிடத்துல இருந்து பார்க்க வர்றாங்க. வேலை நிக்கக் கூடாது. எல்லாத்தையும் பச்சையாக்கு!"

"ஆக்கிடலாம் சார். ஆனா பச்சை மையை ஆபீசருங்கதானே தொடணும்? போன மாசம் பச்சையில எழுதினேன்னு நீங்கதான் எனக்கு மெமோ குடுத்தீங்க." வரைபடத்தை அவர் மேசையில் விரித்தாள். "நீங்களே பூசி, கீழே கையெழுத்தும் போட்டுடுங்க சார். நாளைக்கு வெயில்ல தார் போடுறவங்க யாராச்சும் மயங்கி விழுந்தா, பச்சை போட்டது யாருன்னு கேப்பாங்க."

தணிகாசலம் பச்சைப் பேனாவைத் திறந்தார். வரைபடத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"சிவப்பு எடுப்பாத்தான் இருக்கு," என்றார்.