உச்சி தொடாத கழி

கூத்தன் மலைக்கு ஏழு முகடு. ஏற ஒரு நாள், இறங்க ஒரு நாள். மாசியில் திறக்கிற பாதையை வைகாசிக் கடைசியில் மூடிவிடுவார்கள். அப்புறம் மேற்கேயிருந்து மழை இறங்கிவிட்டால் ஏறினவன் பாடு திண்டாட்டம்தான்.

அடிவாரத்து மடத்தில் நீலாயி அம்மாவுக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் தெய்வநாயகத்துக்கு அறுபத்திரண்டு. அதனாலென்ன, ஞானம் என்ன வயதைப் பார்த்தா வருகிறது?

வைகாசி இருபத்தெட்டாம் தேதி விடிந்ததும் தெய்வநாயகம் துணிப்பையோடு வந்து நின்றார். கையில் ஒரு மூங்கில் கழி. அதன் தலையில் மஞ்சள் துணி.

"ஏறிட்டு வந்துடறேன் அம்மா."

அம்மா கழியைப் பார்த்தார். அது வடிவு என்பவளின் கழி. தெய்வநாயகத்தின் மனைவி. ஏறுகிறவர்களுக்கெல்லாம் பத்து வருஷம் கஞ்சி காய்ச்சி ஊற்றிய மகராசி, தான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. இந்த மாசியில் ஆசையாகக் கழி வெட்டி, துணி கட்டி, அடுப்படி மூலையில் சாத்தி வைத்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். உச்சிக் கல்லைத் தொட்டு வந்த கழிகளைப் பத்திரமாக வைப்பார்கள். தொடாதவை, பாதை மூடுகிற அன்றைக்கு அடுப்புக்குப் போகும்.

"மழை வருமா அம்மா?"

"வாங்க, பார்த்துக்கிட்டே நடப்போம்."

முதல் முகட்டில் தெய்வநாயகத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்கம்மா! ஒரு மேகம் கிடையாது. உச்சி கைக்கெட்டுற தூரத்துல தெரியுது!"

"நேத்து?"

"நேத்து மங்கலா இருந்துச்சு."

"உச்சி கிட்டத்துல தெரிஞ்சா மழையும் கிட்ட வந்துடுச்சுன்னு யார் சொல்லுவாங்க?"

தெய்வநாயகம்தான் சொல்லுவார். எத்தனையோ பேரை அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியவர். இன்றைக்குப் பார்த்து அவருக்கே மறந்துபோயிற்று. கழியை ஊன்றி மேலே நடந்தார்.

இரண்டாம் முகட்டைத் தாண்டி ஓடைக்கு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அடேயப்பா, என்ன மழை! கண்ணெதிரே ஓடை செம்மண் நிறமாகிப் பொங்கியது. கடக்கிற கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

தெய்வநாயகம் கழியை ஊன்றித் தண்ணீரில் கால் வைத்தார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் இறங்கினார்.

"நீங்க எதுக்கம்மா?"

"நீங்க எதுக்குன்னு நான் கேட்டேனா?"

அவர் ஓடையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். காலை எடுத்துக்கொண்டார்.

பாறை இடுக்கில் ஒதுங்கியதும் தெய்வநாயகத்துக்கு அழுகை வெடித்தது.

"மாசியில வடிவு 'போவோமா'ன்னு கேட்டா. சிவராத்திரிக் கூட்டம் குறையட்டும்னேன். பங்குனியில கேட்டா. முட்டி வலிக்குதுன்னேன்."

"சித்திரையில?"

"கோடை மழை வர்ற மாதிரி இருக்கு, பொறுடீன்னேன்."

"வந்துச்சா?"

"ஒரு பொட்டு விழலைம்மா."

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் அதெல்லாம் காதுல வாங்கிக்கிட்டுத்தான் இருந்தேன் ஐயா. 'போயிட்டு வா வடிவு'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அவ போயிட்டா கஞ்சிக்கு ஆள் யாருன்னு நினைச்சேன்."

தெய்வநாயகம் நனைந்த மஞ்சள் துணியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நாளன்னிக்குப் பாதை மூடினதும் இது அடுப்புல போயிடும். பாழாப்போன மழை! இன்னும் ரெண்டே ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

அம்மா முந்தானையைப் பிழிந்தார்.

"மாசியிலேர்ந்து பொறுத்துத்தானே இருந்துச்சு ஐயா."