நரி கூப்பிட்டால் வரும் வெந்நீர்

ஆவிமலைக் காட்டில் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. தினமும் உச்சி வெயில் நேரத்தில் அது பனைமர உயரத்துக்குப் பீறிட்டு எழும்.

சாம்பன் என்ற நரி அந்த நேரத்தைக் கவனித்து வைத்திருந்தது. சரியாக அப்போது கரைக்கு வந்து ஊளையிடும். ஊற்று எழும்.

"பார்த்தீர்களா! நான் கூப்பிட்டால்தான் வரும்! என்னைப் பகைத்தால் எல்லோரையும் வேகவைத்துவிடுவேன்!"

விலங்குகள் பயந்துபோய் நண்டும் நாவல்பழமும் கொண்டுவந்து கொடுத்தன.

ஊற்றுக்குத் தெற்கே ஒரு மேடு. அங்கே முள்ளி என்ற முள்ளம்பன்றி வளை தோண்டி, இரண்டு குட்டிகளோடு வசித்தது. ஒருநாள் வளையின் தரை சுட்டது. மறுநாள் மேட்டுப் புல் கருகியது. ஊற்றிலோ தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது.

'ஐயோ, சூடு இடம் மாறுகிறதே!'

முள்ளி பதறிப்போய்க் குட்டிகளை ஒரு பாறைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டது. பிறகு, உச்சி வெயிலில் விலங்குகள் கூடியிருந்த ஊற்றங்கரைக்கு ஓடியது.

"மேட்டுப் பக்கம் யாரும் போகாதீர்கள்! வெந்நீர் அங்கே கிளம்பப் போகிறது!"

"என் உத்தரவு இல்லாமலா?" என்று சாம்பன் சிரித்தது. பிறகு ஊளையிட்டது. ஊற்று எழவில்லை. தொண்டை கட்டும்வரை ஊளையிட்டது. ஒரு குமிழிகூட வரவில்லை!

குரங்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சாம்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்த முள்ளி அபசகுனமாகப் பேசியதால்தான் ஊற்று கோபித்துக்கொண்டது! காட்டை விட்டே துரத்துங்கள்!"

காட்டெருமை கொம்பைத் தாழ்த்தியது. முள்ளி ஓரடி பின்வாங்கியது. சின்னக் குட்டிகளோடு எங்கே போவது?

"அந்த மண்ணைத் தொட்டாவது பாருங்களேன்!" என்று கெஞ்சியது.

"நான் உட்கார்ந்தே காட்டுகிறேன்!" சாம்பன் மேட்டில் ஏறி உட்கார்ந்தது. கொஞ்சம் சுடத்தான் செய்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "இங்கிருந்தே கூப்பிடுகிறேன், பாருங்கள்!"

"வேண்டாம் அண்ணா! இறங்கிவிடுங்கள்!" என்று முள்ளி கத்தியது.

சாம்பன் ஊளையிட்டது. 'உஸ்ஸ்ஸ்!' மேடு பிளந்து வெந்நீர் பீறிட்டது! சாம்பன் அந்தரத்தில் இரண்டு குட்டிக்கரணம் அடித்துப் புதரில் விழுந்தது.

"அடடா, கூப்பிட்டதும் வந்துவிட்டதே!" என்றது குரங்கு. "இப்போது நிற்கச் சொல்லுங்கள்!"

"எனக்குத் தெரியாது! எனக்கு ஒன்றுமே தெரியாது! யாராவது பச்சைத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்!" என்று அலறியபடி சாம்பன் வெந்த வாலோடு ஓடியது.

காட்டெருமை தலைகுனிந்து முள்ளியிடம் வந்தது. "தப்பாக நினைத்துவிட்டேன் அம்மா. வா, வேறு நல்ல இடம் காட்டுகிறேன். முதலில் நான் கால் வைத்துப் பார்க்கிறேன். சுடவில்லை என்றால் நீ தோண்டு."

தானாக நடப்பதைத் தன்னால்தான் நடக்கிறது என்று சொல்லி மற்றவர்களை மிரட்டுபவன், அது மாறும் நாளில் தானே மாட்டிக்கொள்வான்.