ஆள்காட்டி திரும்பி வரும் வழி

நீ கூப்பிட்டிருக்க வேண்டும்.

நாலு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தப்பு உன்மேல்தான். கையில் முறத்தோடு வாசற்படியில் நின்றாய். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தாய். வாயைத் திறக்கவில்லை.

மாட்டுச் சந்தையில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. தரகன் துண்டை உதறினால் அவன் போகிறான் என்று அர்த்தமில்லை. பத்தடி நடப்பான். பத்தாவது அடியில் விற்கிறவன், "ஏனுங், நில்லுங்" என்று கூப்பிட வேண்டும். உண்மையான பேச்சு அதற்கப்புறம்தான். முப்பது வருஷம் நான் சோறு தின்றது அந்தப் பத்தாவது அடியில்.

அன்றைக்கும் பத்தடி நடந்தேன். நீ கூப்பிடவில்லை. அடிகுழாய்கிட்டே நின்று செருப்பிலிருந்து கல் எடுத்தேன். செருப்பில் கல்லே இல்லை. கூப்பிடவில்லை. வேலி திரும்புகிற இடத்தில் இரண்டு தடவை இருமினேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றால் கேவலம் என்று ஏறிவிட்டேன்.

உன் செவலைக் கிடாரியை விற்றது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. கன்றிலிருந்து நீ கையில் புல் கொடுத்து வளர்த்தது. நல்ல கிராக்கி வந்தது, கை நீட்டிப் பணம் வாங்கிவிட்டேன். வெறும் கயிற்றோடு நான் வந்து நின்றபோது நீ சொன்னது ஒரே ஒரு வரி. "ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்க." அதற்கு நான் கத்திய கத்தலை ஊரே கேட்டது. அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் சந்தைப்பேட்டையில் ஒரு ரூம். ஓட்டல் சோறு. நீ ஆள் அனுப்புவாய் என்று வாரா வாரம் பார்த்தேன். நம் ஊர்க்காரன் எவனாவது மாட்டோடு வந்தால், அவன் வாயைத்தான் பார்ப்பேன். மழை பெய்தது என்பான், சோளம் விளைந்தது என்பான், போய்விடுவான்.

இந்த மாசிக் கடைசியில்தான் அந்த மடத்துக்குப் போனேன். தாராபுரம் ரோட்டில், பழனிக்கு நடக்கிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற மடம். அதை நடத்துகிறவரைச் சாமி என்பார்கள். சாமி ஒரு பெண். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கையில் எப்போதும் ஏதாவது வேலை.

மடத்துக்குக் கறவை மாடு ஒன்று பிடித்துக் கொடுத்தேன். வழக்கம்போலத் துண்டை விரித்தேன். துண்டுக்கு அடியில் என் கையும் எதிராளி கையும் சேரும். விரலை அழுத்தி விலை சொல்வோம், சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. இறக்குவார் என்று ஏற்றித்தான் அழுத்தினேன்.

"சரிங்க" என்றார் சாமி.

"பேரம் பேசலையா?"

"உங்களுக்கு வேணும்போல இருந்துச்சு."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பேரம் பேசுகிறவனை ஜெயித்துவிடலாம். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? நாலாம் நாள் மறுபடி போய் நின்றேன். சாமி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாடு நல்லா இருக்குதுங்க, தரகரே."

"மாட்டுக்கு வரலைங்க. ஒரு நாயம் கேக்கணும்."

"கேளுங்க."

"ஒருத்தன் கோவிச்சுட்டு எந்திரிச்சுப் போறான். பொண்டாட்டி வாசல்ல பாத்துட்டே நிக்கறா. கூப்பிடலை. நாலு வருஷமாச்சு. தப்பு யாரு மேல?"

சாமி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நம்ம கொறங்காட்டுல ஆள்காட்டி முட்டை வெச்சிருக்குது. எந்த எடம்னு பாத்துட்டு வாங்க. தொட வேண்டாம். அப்புறம் சொல்றேன்."

மடத்துக்குப் பின்னால் அந்தக் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே காய்ந்த மேய்ச்சல் புல், அங்கங்கே வெள்வேல மரம், மூலையில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஆள்காட்டி உனக்குத் தெரியும். நம் களத்தில் கிடக்கிற குருவிதான். கறுப்புத் தலை, கண்ணோரம் சிவப்புச் சதை, நீள மஞ்சள் கால். ஆள் வந்தால் ஊருக்கே சொல்லிவிடும். பிறந்ததிலிருந்து அதன் சத்தத்துக்குள்ளேதான் நடந்திருக்கிறேன். நின்று பார்த்ததில்லை.

வேலிக்குள் கால் வைத்ததுமே தலைக்கு மேலே வந்து கத்தியது. அப்புறம் இறங்கியது. குடுகுடுவென்று ஓடி ஓரிடத்தில் காலை மடக்கி, சிறகைத் தளர்த்தி, முட்டைமேல் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தது. போய்ப் பார்த்தேன். வெறும் சரளைக்கல். எழுந்து ஓடி இன்னோர் இடத்தில் உட்கார்ந்தது. போனேன். ஒன்றுமில்லை.

மத்தியானம் திரும்பி வந்தபோது சமையற்கட்டில் பாவாயி அக்கா கேட்டாள். மடத்தில் கஞ்சி காய்ச்சுகிறவள் அவள்.

"கெடச்சுதுங்களா?"

"ஏழு எடத்துல உக்காந்துச்சு. ஏழுலயும் ஒண்ணுமில்லை."

"அப்ப ஏழு தடவை ஏமாந்தீங்க."

"ஏமாறலை. சரி பாத்தேன்."

"மாட்டுப் பல்லைப் புடிச்சுப் பாத்து வயசு சொல்ற ஆளு. குருவிக்குப் பல்லு இல்லை. அதான் உங்களுக்குப் புடிபடலையாட்ட இருக்குது."

சாமி கூடத்திலிருந்து கேட்டார். "என்னத்தைப் பாத்தீங்க?"

"அது தரகனுங்க, சாமி. எனக்கு எந்த மாடு வேணுமோ அதை நான் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன். மத்ததையெல்லாம் தட்டிப் பாப்பேன், வாலைத் தூக்கிப் பாப்பேன். அதே வித்தை. எங்க முட்டை இல்லையோ அங்க போய் உக்காருது."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அது போறதைப் பாத்திருக்கீங்க" என்றார் சாமி. "வாறதைப் பாத்தீங்களா?"

மறுநாளும் போனேன். மரத்தடியில் உட்கார்ந்தேன். எனக்கா உட்கார வரும்? கொஞ்ச நேரத்தில் கால் மாற்றுவேன், அது பறந்துவிடும். இருமுவேன், பறந்துவிடும். வெயில் ஏற ஏறத் தலை கொதித்தது. எழுந்து நின்று அதைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று கேட்காதே. கடைசியில், "போ, நீயும் வேண்டாம் உன் முட்டையும் வேண்டாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பத்தாவது அடியில் திரும்பிப் பார்த்தேன்.

அது என்னைப் பார்க்கவே இல்லை. நான் தள்ளிப் போகப் போக அதன் கத்தல் அடங்கிக்கொண்டே வந்தது. வேலியைத் தாண்டியதும் காடு அமைதியாகிவிட்டது. அப்படி ஓர் அமைதி. சனியன் ஒழிந்தது என்கிற மாதிரி.

ஒருவேளை நீயும் அன்றைக்கு அப்படித்தான் நின்றாயோ என்று தோன்றியது. அந்த நினைப்பை வேலியிலேயே மாட்டிவிட்டு வந்தேன். அது கூடவே வந்தது.

மூன்றாம் நாள் விடிகிற நேரத்துக்கே போய்விட்டேன். எதையும் பிடிக்கிற எண்ணம் இல்லை. வாயில் திட்டும் மிச்சமில்லை. வெள்வேல மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டேன்.

புல்லின்மேல் பனி படிந்து காடு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. சிலந்தி வலைகள் ஒவ்வொன்றும் நனைந்து தொங்கின. எங்கேயோ ஒரு மாட்டு மணி அடித்தது, நின்றது, அடித்தது. சூரியன், விளக்கிய பித்தளைத் தட்டு மாதிரி வேலிக்கு மேலே வந்து நின்றது. கண் சொக்கியது. நீ முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாய். உமி பறந்து பறந்து பனியாகி என்மேல் விழுந்தது. செவலை வந்து உன் தோளை நக்கியது. அதன் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்றாக இருந்ததால், அது எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் உன்னை ஏதோ கேட்க வந்தேன். என்ன கேட்க வந்தேன் என்பது மறந்துபோயிற்று. நீ காத்திருந்தாய். முறம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கண் திறந்தபோது பனி இல்லை. வெயில். மண்ணுக்கு மேலே காற்று தண்ணீர் மாதிரி நெளிந்தது. அந்த நெளிசலுக்குள் ஆள்காட்டி நடந்து வந்துகொண்டிருந்தது.

நான் அசையவில்லை. இது கனவின் மிச்சமோ என்று மூச்சைக்கூட மெல்ல விட்டேன்.

மூன்று எட்டு வைத்தது. நின்றது. வேறு திசையைப் பார்த்தது. ஒன்றுமில்லாத இடத்தில் கொத்தியது. மறுபடி நாலு எட்டு. எனக்கு இங்கே யாரும் இல்லை, சும்மா வந்தேன் என்கிற மாதிரி ஒரு நடை. வட்டம் போட்டது. வந்த வழியிலேயே பாதி தூரம் திரும்பிப் போனது. மறுபடி வந்தது. மரத்து நிழல் என் முழங்காலிலிருந்து பாதத்துக்குப் போகிற நேரம் எடுத்துக்கொண்டு ஒரு சின்ன வட்டத்தை நடந்து முடித்தது.

கிட்டே வந்தபோது பார்த்தேன். அதன் வயிற்று இறகெல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் போய் நனைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஓரிடத்தில் நின்றது. காலை மடக்கியது. ஈர வயிற்றை மெல்ல, மெல்ல இறக்கியது.

மறுபடி அது தொட்டிக்குப் போன நேரத்தில் எழுந்து போய்ப் பார்த்தேன். நாலு முட்டை. மண் நிறம், கறுப்புத் திட்டு. சுற்றிச் சின்னக் கற்கள். ஈரம் இன்னும் காயவில்லை. பக்கத்தில் ஒரு செருப்புத் தடம் இருந்தது. என்னுடையது. முதல் நாள் ஏழு இடமும் தேடி ஓடியபோது வைத்த தடம். தடத்துக்கும் முட்டைக்கும் நடுவே நாலு விரல் இடம்.

மெல்லப் பின்னால் நடந்து மரத்தடிக்கு வந்து, வெயில் சாய்கிற வரைக்கும் பார்த்துவிட்டு மடத்துக்குப் போனேன். சாமி இன்னும் புளிதான் எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"எத்தனை தடவை எந்திரிச்சுப் போச்சு?"

"ஒம்போது."

"எத்தனை தடவை திரும்பி வந்துச்சு?"

"ஒம்போது."

"யாரு கூப்பிட்டாங்க?"

"முட்டை எப்படிக் கூப்பிடுங்க, சாமி?"

சாமி ஒரு கொட்டையை எடுத்துத் தூரப் போட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது.

"அவ முட்டையில்லீங்க. அவளுக்கு வாய் இருக்குது. கூப்பிட்டிருக்கலாம்."

"வாய் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அன்னைக்கு அந்த வாயில ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னா. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்கன்னு சொன்னா."

"நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

சாமி கையிலிருந்த புளியைச் சட்டியில் போட்டார்.

"அப்படின்னா, அவங்க கூப்பிட்டு நாலு வருஷமாச்சுங்க, தரகரே."

பாவாயி அக்கா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். கஞ்சி ஆறி மேலே ஆடை கட்டிவிட்டது.

நேராக வரவில்லை. எனக்கு நேராக வரத் தெரியவில்லை. இரண்டு ஊர் தள்ளி பஸ்ஸை விட்டு இறங்கினேன். நடந்தேன், நின்றேன். ஒரு டீ குடித்தேன். பாதி வழி திரும்பிக்கூடப் போனேன். அடிகுழாய்கிட்டே வந்து செருப்பில் கல் எடுத்தேன். இந்தத் தடவை நிஜமான கல்.

சத்தமில்லாமல் வரலாம் என்றுதான் இருந்தேன். நம் களத்து ஆள்காட்டி விடவில்லை. தலைக்கு மேலே வந்து கத்தி ஊருக்கே சொல்லிவிட்டது. வாசல் படலுக்கு வெளியே யாரோ நிற்பது உனக்குத் தெரியும்.

நீ கையில் முறத்தோடு நிற்கிறாய், இந்தப் பக்கம் பார்க்கவில்லை. செவலையைக் கட்டிய வெறும் முளைக்குச்சியைப் பார்க்கிறாய். கோழியைப் பார்க்கிறாய். காய்ந்துகொண்டிருக்கிற சோளத்தைக் காலால் தள்ளிவிட்டு அதைப் பார்க்கிறாய். என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிறாய்.

எனக்கு அந்த வித்தை தெரியும்.

கூப்பிட வேண்டாம். அதை விட்டுக்கொடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றாயே, இப்போது கேட்கிறேன். நான் படலுக்குள் வர உன் விலை என்ன? துண்டை உதறவில்லை, பார். விரித்துப் பிடித்திருக்கிறேன். அடியில் என் கை சும்மாதான் இருக்கிறது. நான் ஒரு விரல்கூட அழுத்த மாட்டேன். நீ அழுத்து, எத்தனை விரல் வேண்டுமானாலும்.

வெயில் ஏறுகிறது. கை கடுக்கிறது. முறத்தைக் கீழே போடு. வந்து கையை வை.