முள்ளி மிதிச்ச சில்லு

ஒரு ஊர்ல ஒரு... இரு, அப்போ ஊரே கிடையாதுடி, குகைதான். அந்தக் குகையில முள்ளின்னு ஒருத்தி இருந்தா. உன்னை மாதிரியேதான், ஒரு இடத்துல உக்கார மாட்டா. காலை ஆட்டாம கேளு. ம் சொல்லு.

அவளுக்கு ஒரு பொண்ணு, பேரு குன்றி. வேட்டைக்குப் போனவங்க ரெண்டு நாளா திரும்பல. பிள்ளை பசியில துவண்டு கெடக்கு. அப்போ பாத்தா, வெள்ளத்துல அடிச்சு வந்த கடமான் ஒண்ணு ஆத்தோரமா செத்து ஒதுங்கியிருக்கு. முள்ளி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஒரே ஓட்டம். போனப்புறம்தான் தெரியுது, தோலை அறுக்குற கைக்கல்லைக் குகையிலேயே விட்டுட்டு வந்துட்டா, அவசரக்குடுக்கை!

அக்கரையில கழுதைப்புலி, ஹீ... ஹீ...

"அம்மா, அது வருதும்மா!"

"நீ என் முதுகுக்குப் பின்னாடி வா."

அப்புறம் ஒரு கூழாங்கல்லை எடுத்து, அதோட ஓரம் கூராகட்டும்னு இன்னொரு கல்லால தட்டுனா. டக், டக்... கடைசி அடியை ஓங்கிப் போட்டாளா, பொடக்! ரெண்டாப் போச்சு. அடுத்த கல்லு, அதுவும் பொடக். மூணாவது, அதுவும் போச்சு. கழுதைப்புலி தண்ணியில இறங்கிடுச்சு, சளக் சளக். அத்தை கையைப் பிடிச்சுக்கோ.

அவங்க ஆளுங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்லைத் தட்டினா, தெறிச்ச சில்லை எல்லாம் உடனே வழிச்சுக் குழியில போட்டு மூடிடணும். பிள்ளைங்க காலைக் கிழிச்சிடும்ல? பெரிய கல்லுதான் ஆயுதம், சில்லு வெறும் குப்பை. இவ எங்க வழிச்சா? அங்கயும் இங்கயும் நடந்தா, நடந்தா... சுரீர்! உள்ளங்கால்ல ரத்தம்.

"என் தோலையே இப்படிக் கிழிக்குதே..."ன்னா.

அப்போதான் உறைச்சுது. அந்தச் சில்லை எடுத்து மான் தோல்ல வச்சு இழுத்தா. சர்ர்ர்! ஒரு சில்லு மழுங்கினா அடுத்த சில்லு. தொடையை அறுத்துத் தோள்ல போட்டா, உடைஞ்ச கல்லை எல்லாம் கழுதைப்புலி மேல வீசுனா, பிள்ளையை இடுப்புல இடுக்கிக்கிட்டு நொண்டி நொண்டியே ஓடிட்டா. மிச்ச மான் அதுக்கு, தின்னுட்டுப் போகட்டும்.

குன்றி வயிறு முட்டத் தின்னா. தின்னுட்டு, அம்மாவோட அடிபட்ட காலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டா. கால் விண்விண்ணு தெறிக்குது. ஆனா முள்ளி அசையல. பொறந்ததுலேருந்து ஒரு நிமிஷம் நிக்காத கால்டி அது, விடியுற வரைக்கும் அசையல.

என்னடி, "ம்" காணோம்? உன் காலும் நின்னுடுச்சா? சரி, கதையும் நின்னாச்சு. தூங்கு தங்கம்.