இஸ்திரி போட்ட சட்டைக்குச் சோறு

“இப்படியே போனா ஐப்பசியோட அடுப்பை அணைச்சர வேண்டியதுதானுங்கம்மா” என்றார் சீடர்.

குரு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சீடர் பொங்கியண்ணன் குருவைவிட இருபது வயது மூத்தவர். பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதி ஓய்ந்தவர். நிம்மதி தேடி மடத்துக்கு வந்தார். பாவம், இங்கேயும் கணக்குதான் கிடைத்தது.

மடம் என்பது பேருக்குத்தான். ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு. மதியம் யார் வந்தாலும் சோறு.

“ஆர்டர் இல்லாம பாதிக் கம்பெனி பூட்டிக் கெடக்குது. மாசாமாசம் அரிசி போட்டவங்க, போன் பண்ணுனா எடுக்கறதே இல்லைங்க.”

“ம்.”

“குடுக்கறவங்க கொறைஞ்சுட்டாங்க. திங்க வர்றவங்க ரெண்டு மடங்காயிட்டாங்க. இது எப்படீங்கம்மா?”

“நீங்க ரெண்டையும் வேற வேற பக்கத்துல எழுதறீங்க” என்றார் குரு.

பொங்கியண்ணனுக்கு எரிச்சல் வந்தது. கஞ்சத்தனம் இல்லை. அடுப்பு அணைந்தால் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கும் கிழடுகட்டைகளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்த நினைப்பில் அவருக்குச் சரியாகத் தூக்கம்கூட இல்லை.

“இஸ்திரி போட்ட சட்டைக்காரனெல்லாம் வந்து பந்தியில உக்கார்றான். அவங்களை நிறுத்துனாப் போதும், எப்படியும் தை வரைக்கும் ஓட்டிரலாமுங்க.”

“சரிங்கய்யா. நாளைக்கு நீங்களே வாசல்ல நில்லுங்க. வசதியானவங்கன்னு பட்டா திருப்பி அனுப்பிருங்க.”

மறுநாள் நின்றார்.

வரிசை நகர்ந்தது. நடுவில் ஒருவர், துண்டால் முகத்தைப் பாதி மூடியிருந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

பொங்கியண்ணன் கையை நீட்டி மறித்தார்.

“ஏனுங்க, உங்களுக்கென்னங்க குறைச்சல்? இது இல்லாதவங்க சோறுங்க.”

அந்த மனிதர் நிமிர்ந்தார். துண்டு நழுவியது.

சென்னியப்பன்.

சின்னதாகத் தையல் கம்பெனி நடத்தியவர். மாதம் தவறாமல் மடத்துக்கு ஒரு மூட்டை அரிசி இறக்கியவர். கொஞ்ச காலமாகப் பொங்கியண்ணனின் போனை எடுக்காதவர்களில் அவரும் ஒருவர்.

“நானே கூப்புடோணும்னுதான் இருந்தேனுங்க” என்றார் சென்னியப்பன். குரல் கம்மியது. “அடுத்த மாசம் ரெண்டு மூட்டையாப் போட்டர்றேன். சும்மா... இந்தப் பக்கமா வந்தேனுங்க.”

பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். தெருவைக் கடந்து போய்விட்டார்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும். பொங்கியண்ணன் கூப்பிடவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு காரியம் செய்தோமே என்றிருந்தது.

உள்ளே போய் நடந்ததைச் சொன்னார்.

குரு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“சாப்பிட்டாருங்களா?”

“இல்லைங்க.”

குரு எழுந்தார். ஒரு தூக்குப்போசியில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். அதைச் சீடரின் கையில் கொடுத்துவிட்டுப் பந்தி பரிமாறப் போனார்.

சென்னியப்பன் வீட்டுக் கதவை அவர் மனைவி திறந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் சென்னியப்பன். வந்தவரைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போயிற்று.

“வாங்கய்யா” என்றார் அந்த அம்மாள். “இப்பத்தான் மடத்துல சாப்புட்டுட்டு வந்தாருங்க. வடை, பாயசமெல்லாம் போட்டீங்களாமா? வயிறு முட்டச் சாப்புட்டேன், எனக்கு வேண்டாம், இருக்கற சோத்த நீயும் பாப்பாவும் சாப்புட்டுக்குங்கன்னாரு.”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

வாழ்நாளில் ஒரு பொய்க் கணக்கு எழுதாத பொங்கியண்ணன் சொன்னார்:

“ஆமாங்கம்மிணி. நல்லாத்தான் சாப்புட்டாரு. வீட்டுக்குன்னு எடுத்து வெச்ச போசியை மறந்துட்டு வந்துட்டாருங்க.”

அந்த அம்மாள் சிரித்தபடி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பொங்கியண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சென்னியப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பந்தியில பரிமாற ஆள் பத்தலைங்க” என்றார் பொங்கியண்ணன். “தினமும் வந்துருங்க. பரிமாறிட்டு, நம்ம ரெண்டு பேரும் கடைசியா உக்காந்து சாப்புட்டுக்கலாம். ஐப்பசி வரைக்கும் அரிசி இருக்குது.”

“அதுக்கப்புறமுங்க?”

“அதுக்கப்புறம் எங்கயாச்சும் சோறு போடறாங்களான்னு ரெண்டு பேருமாச் சேர்ந்து தேடிப் போலாமுங்க.”