புள்ளி வைத்தால் போதும்

டொக், டொக் என்று மேலாளர் தாண்டவராயன் பேனாவால் மேசையைத் தட்டுவது இன்னும் காதில் கேட்கிறது. ஆபீஸ் வேன் யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்று சொல்லும் கணினி நிரலை எழுதியவர் அவர்; ஊழியர் பெயரும் நிறுத்தமும் அடங்கிய பட்டியலை அதில் 'அகராதி' என்பார். அகராதியின் பெயர், ஒரு புள்ளி, ஊழியர் பெயர் என்று எழுதினால் அந்த ஆள் ஏறும் நிறுத்தம் வந்துவிடும்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த அமுதவல்லியை ஏற்றிக்கொள்ள மட்டும் வேன் வரவில்லை. தினமும் அவள் தாமதமாகத்தான் வந்தாள்.

"எத்தனை தடவை சொல்றது சார், அகராதியில என் பேரே இல்ல."

"பேர் இல்லன்னா நிரல் பிழைன்னு கத்தியிருக்கும்மா. நாளைக்குள்ள தப்பைக் காட்டு, இல்லன்னா வேலையை விடு."

மறுநாள் அவரே வியர்த்து வழிய ஆட்டோவில் வந்து இறங்கினார். "வேன் ஏன் வரல?"

"அகராதியிலேர்ந்து உங்க பேரை நேத்தே எடுத்துட்டேன் சார். நிரல் புள்ளி வச்சுக் கேட்டுது, ஒண்ணும் வரல, பேசாம போயிடுச்சு. கத்தவே இல்ல."

அன்று பேனா மேசையைத் தட்டவில்லை; அவர் இரண்டு பெயரையும் அகராதியில் சேர்த்தார். அமுதவல்லி அந்த ஆபீஸிலேயே ஓய்வு பெற்றாள்.