மாசானின் முதுகும் மூங்கில் ஏற்றமும்

மூங்கில் அடர்ந்த காடு ஒன்று இருந்தது, குழந்தைகளே. மூங்கில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். அந்த ஆண்டு காடு முழுவதும் ஒரே சமயத்தில் பூத்து, கதிர் கதிராக அரிசி விளைந்தது. விலங்குகள் எல்லாம் கூடி ஆற்றங்கரையில் ஓர் அரிசி ஆலை வைத்தன.

கட்டையன் என்ற காட்டுப்பன்றி கழுத்தில் கொடியைக் கட்டிக்கொண்டு கதிர்க்கட்டுகளை இழுத்து வரும். அணில்கள் உமி நீக்கும். கிளிகள் கல் பொறுக்கும். நிறைந்த மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைமேல் இருந்த பரணில் அடுக்குவது மாசான் என்ற கரடியின் வேலை. மழை வந்தால் ஆறு பெருகிக் கரையை மூடிவிடும். பரணில் ஏறாத மூட்டை வெள்ளத்தோடு போய்விடும். மழைக்காலம் முழுவதும் எல்லா வீட்டுக் குட்டிகளுக்கும் அந்த அரிசிதான் சோறு.

மாசானுக்குத் தன் பலத்தில் பெருமை அதிகம். குனிந்து மூட்டையைக் கட்டிப் பிடிக்கும். ஒரே மூச்சில் முதுகில் ஏற்றும். வழுக்குப் பாறையில் விறுவிறுவென்று ஏறிப் போகும். மாசான் அண்ணன் இருக்கும்போது நமக்கு என்ன கவலை என்று மற்ற விலங்குகள் பேசிக்கொள்ளும். அதைக் கேட்டுவிட்டால் மாசான் அடுத்ததாக இன்னும் பெரிய மூட்டையைத் தேடும்.

சில வாரங்களில் மாசானுக்கு இடுப்புக்கு மேலே ஒரு வலி பிடித்தது. முதலில் குனியும்போது மட்டும் வலித்தது. பிறகு உட்கார்ந்தால் வலித்தது, படுத்தால் வலித்தது. மாசான் யாரிடமும் சொல்லவில்லை.

மாசானுக்குத் தும்பை என்று ஒரு பெண் குட்டி. தினமும் வேலை முடிந்ததும் அது ஆலைக்கு ஓடி வந்து அப்பாவின் முதுகில் ஏறிக்கொள்ளும். காதைப் பிடித்துக்கொண்டே வீடு வரை சவாரி செய்யும். ஒருநாள் அப்படி ஏற வந்தபோது மாசான் சட்டென்று விலகி, நடந்து வா என்று சொல்லிவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் தும்பை ஆலைக்கு வரவே இல்லை.

வீட்டில் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு தும்பை கேட்டது: "அம்மா, அப்பாவுக்கு என்மேல் கோபமா?"

அம்மா கரடியின் பெயர் காத்தாயி. கணவன் நடப்பதையும் உட்காருவதையும் அது கவனித்துக்கொண்டுதான் இருந்தது. அன்று மாலை மாசான் வந்ததும், முதுகு வலிக்கிறதா என்று நேராகவே கேட்டது. மாசான் முதலில் இல்லை என்றது. காத்தாயி மெல்ல முதுகில் கை வைத்ததும் மாசான் பல்லைக் கடித்துக்கொண்டது.

"யாரிடமும் சொல்லிவிடாதே," என்றது மாசான். "தூக்க முடியாத கரடியை யார் மதிப்பார்கள்?"

 விடிந்ததும் காத்தாயி நாச்சி என்ற மந்தியைத் தேடிப் போனது. எதையும் உற்றுப் பார்த்து யோசிப்பது நாச்சியின் குணம். கணவன் சொல்லக்கூடாது என்றதைச் சொல்லாமல், மூட்டையை முதுகு படாமல் மேலே ஏற்ற ஏதாவது வழி உண்டா என்று மட்டும் காத்தாயி கேட்டது.

நாச்சி பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு கவட்டையுள்ள உயரமான மரக்கால் ஒன்றைப் பாறையோரம் நட்டது. கவட்டையின்மேல் நீண்ட மூங்கிலைக் குறுக்கே வைத்துக் கட்டியது. மூங்கிலின் ஒரு முனையில் கனமான கல். மறுமுனையில் கயிறும் கொக்கியும். கல் இருக்கும் முனையைக் கையால் அழுத்தினால் கொக்கியில் மாட்டிய மூட்டை தானாக மேலே எழும்பும். கழியைப் பக்கவாட்டில் திருப்பினால் மூட்டை நேராகப் பரணுக்குப் போய்விடும். கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றம் போலத்தான்.

எல்லா விலங்குகளும் வேடிக்கை பார்க்க வந்தன. கட்டையன் உரக்கச் சிரித்தது. பலம் இல்லாதவர்களுக்கு இது நல்ல துணை, நம் மாசானுக்கு எதற்கு என்று கேட்டது. அதைக் கேட்ட மாசானுக்கு ஏற்றத்தின் பக்கம் போகவே கூச்சமாகிவிட்டது.

"எனக்கு வேண்டாம். என் முதுகே போதும்," என்று சொல்லிவிட்டு, இருந்ததிலேயே பெரிய மூட்டையைத் தூக்கியது. காத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சில நாட்களில் மேற்கே மேகம் திரண்டது. மலைமேல் மழை இறங்குவது தெரிந்தது. இன்னும் எத்தனையோ மூட்டைகள் கரையிலேயே கிடந்தன. எல்லா விலங்குகளும் பரபரத்தன. மாசான் ஓடி ஓடித் தூக்கியது. தூறலில் பாறை நனைந்திருந்தது. பாதிச் சரிவில் ஏறும்போது முதுகில் ஏதோ சுளீரென்று பிடித்தது. கால்கள் மடங்கின. மூட்டை கையை விட்டுப் போய்ச் சரிவில் உருண்டது.

கீழே ஓர் அணில் உமி அள்ளிக்கொண்டிருந்தது. மூட்டை அதன் வாலை உரசிக்கொண்டு போய் மரத்தில் மோதி வெடித்தது. அரிசி நாலாபுறமும் சிதறியது. அணில் உயிரோடுதான் இருந்தது. ஆனால் வெகுநேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

பாறைதான் வழுக்கிவிட்டது என்று எல்லா விலங்குகளும் சொல்லின. மாசான் அதையே சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் தும்பை ஓடி வந்து சற்றுத் தள்ளியே நின்றது. அப்பாவின் அருகில் போகலாமா கூடாதா என்று தெரியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. அதைப் பார்த்ததும் மாசான் கையை நீட்டியது.

"இங்கே வா, கண்ணு," என்றது. "அப்பாவுக்கு உன்மேல் கோபமே இல்லை. அப்பாவுக்கு முதுகு வலி. ரொம்ப நாளாகவே வலிக்கிறது. சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் உன்னை ஏறவிடவில்லை. அதனால்தான் இன்று மூட்டையும் நழுவியது."

தும்பை அருகில் வந்து அப்பாவின் கையை நக்கியது.  இத்தனை நாள் புகழ்ந்த விலங்குகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டன. வலிக்கிறதா என்று அவற்றில் ஒன்றுகூட ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு நாச்சி மெல்ல ஏற்றத்தின் அருகே போய்க் கயிற்றை எடுத்தது. காத்தாயி கொக்கியில் மூட்டையை மாட்டியது. ஆனால் முதல் மூட்டை அந்தரத்தில் ஊசலாடியது. நாச்சிக்கு மூங்கிலைத் தெரியும், மூட்டையைத் தெரியாது. விழுந்த இடத்தில் படுத்தபடியே மாசான் வழி சொன்னது. மூட்டையைப் பாதியாக நிரப்பச் சொன்னது. கயிற்றை மூட்டையின் வாயில் கட்டாமல் நடுவில் சுற்றிக் கட்டச் சொன்னது. குனிந்து மாட்ட வேண்டாம், இடுப்பளவுக்குக் கல் அடுக்கி அதன்மேல் மூட்டையை வைத்து மாட்டுங்கள் என்றது.

அப்புறம் மூட்டைகள் ஆடாமல் அசையாமல் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போயின. அணில்கள்கூடக் கூட்டமாகத் தொங்கிக் கல் முனையை அழுத்தின. ஆற்றுநீர் கரையைத் தொட்டபோது கீழே ஒரு மூட்டையும் இல்லை.

மழை நாட்களை எல்லா விலங்குகளும் பரணிலேயே கழித்தன. காத்தாயி பச்சிலையைச் சூடாக்கிக் கணவனின் முதுகில் ஒத்தடம் கொடுத்தது. தும்பை பக்கத்திலேயே சுருண்டு தூங்கியது. இனி ஏற்றத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாச்சி மாசானிடம் கேட்டுக்கொண்டது. மாசான் சரி என்றது.

ஒருநாள் மழை சற்று ஓய்ந்திருந்தது. மற்ற விலங்குகள் வெயில் காயப் போயிருந்தன. அப்போது கட்டையன் மாசானிடம் வந்தது. வெள்ளத்தைப் பார்த்தபடி நின்றது.

"அண்ணே," என்றது. "எனக்கும் கழுத்தில் வலி இருக்கிறது. கதிர்க்கட்டு இழுத்து இழுத்து வந்த வலி. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை."

மாசான் சிரிக்கவில்லை. மெல்ல நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டது.

"இப்படி உட்கார்," என்றது. "எந்த இடத்தில் வலிக்கிறது, காட்டு."

நீதி: வலியை மறைப்பது வீரம் அல்ல, உடலைக் காக்கும் கருவியைக் கையில் எடுப்பதில் உழைப்பவருக்கு வெட்கமும் இல்லை.